மறதியறி படமா, அடுக்குப்படமா?

வணக்கம்.

நம் மருத்துவச் சொற்பட்டியலில், மறதிநோய் ஆய்வில் பேசப்படும் கண் ஸ்கேனுக்கு 'மறதியறி கண்படம்' என்று பெயர் வைக்கலாம் என நேற்று வந்த முன்மொழிவு எனக்குச் சரிவரவில்லை. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கருவி செய்யாத வேலையை அதன் தலையில் கட்டுகிறது.

கண் வைத்தியர்கள் ஓசிடி என்கிற அந்த ஸ்கேன் மறதியைப் பார்ப்பதில்லை. அகச்சிவப்பை ஒட்டிய ஒளியை உள்ளே விட்டு, தெறித்து வருவதைக் கொண்டு விழித்திரையை அடுக்கடுக்காய்க் காட்டுகிறது, அவ்வளவுதான். கருவில் விழித்திரை முன்மூளையிலிருந்து பிதுங்கி வளர்வது. அதனால் மூளை கெடும்போது இங்குள்ள நரம்பிழை அடுக்கும் மெலியுமா என்று தேடுகிறார்கள். அல்சைமர் என்ற மறதிநோயால் இறந்தவர்களின் பார்வை நரம்பில் இழைகள் குறைந்திருந்ததை 1986இலேயே காட்டிவிட்டார்கள். சரி, ஆனால் பார்வை நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமாவிலும் அதே அடுக்குத்தான் மெலிகிறது. கடும் கிட்டப்பார்வைக்காரருக்கும் மெலிசாய்த் தெரியும்.

குளுக்கோமாவுக்காகத்தான் போன மாதம் கல்லடி மாமியைக் கூட்டிப்போனேன். நாடியைத் தாங்கியில் வைத்து, பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். திரையில் பன்பாய் ஓரம்போல நிறநிறமாய்க் கோடுகள். மாமி மெல்லக் கேட்டா: "ஏன் மனே, எனக்கு அறளை பேந்திட்டெண்டா பாக்கிறாங்க?" அறளை என்றால் வயதில் புத்தி தடுமாறுவது. அந்த ஸ்கேன் துண்டில் 'மறதியறி' என்று அச்சிட்டிருந்தால் அன்றைக்கு அவ சோறு தின்றிருக்க மாட்டா.

ஆகவே படத்துக்கு 'விழித்திரை அடுக்குப்படம்'. 'ஒளியியல் ஓரியல்புத் தளவரைவியல்' பாடநூலோடு இருக்கட்டும், நோயாளி வாயில் நுழையாது. அடுக்குக்கு 'மெலிவு', அறிவுக்குத் 'தேய்வு' என்று பிரித்துவிட்டால் ஒன்றை மற்றதாக எண்ணும் குழப்பம் குறையும்: நினைவும் யோசனையும் குறைவது 'அறிகைத் தேய்வு'. தேய்ந்த பிறை திரும்ப வளருமே என்பீர்கள். செருப்பும்தான் தேய்கிறது, அது வளர்வதில்லை.

தமிழ்நாட்டு நண்பர்கள் 'அறிகை'க்கு 'அறிதிறன்' என்றால் சண்டையில்லை, இரண்டையும் போடுவோம். 1930களில் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையில் எங்கள் காரைதீவைச் சேர்ந்த தமிழறிஞர் விபுலாநந்த அடிகள். இரு கரையாரும் ஒன்றாய் இருந்து சொல் தேடியது புதிதல்ல.

நோயைக் காட்டும் உடல் அடையாளத்தை (biomarker) 'உயிர்க்குறி' என்பதில்தான் எனக்கு இடறல். குறி என்றதும் கோயில் வாசலில் குறி சொல்லுகிறவர் நினைவு வருகிறது. சொன்னால் பலித்தே ஆகவேண்டும். 'விழித்திரைத் தடயம்' எப்படி? தடயம் கிடைத்தால் விசாரணை தொடங்கும், தீர்ப்பு ஆகாது.

அப்புறம், 'அறளை'யையும் சேர்க்கச் சொன்னவருக்கு: வட்டார வழக்கு என்ற குறிப்போடு பட்டியலில் போடலாம். வைத்தியத் துண்டில் வேண்டாம், எங்கள் பக்கம் அது ஏச்சு.