மறுமொழி: ஃபிளாஜெல்லத்துக்கு 'நகரிழை' பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

செல்லிலிருந்து சாட்டை போல நீண்டு அசையும் இழையான ஃபிளாஜெல்லத்துக்கு, நகர உதவும் இழை என்ற பொருளில் 'நகரிழை' என்று தமிழ்ப்பெயர் வைக்கலாம் என்ற பரிந்துரையைப் படித்தேன். சொல்ல எளிதாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது வேண்டாம் என்பேன்.

கோவானோஃபிளாஜெல்லேட்டுகள் என்னும் ஒற்றைச் செல் நீர்வாழ் உயிரிகளைப் பாருங்கள். இவற்றில் பல இனங்கள் காம்பு ஊன்றி ஓரிடத்திலேயே நிற்பவை. செல்லின் உச்சியில் உள்ள ஒற்றை இழை அலையலையாக அசைந்து நீரை இழுக்கும். நீரோடு வரும் பாக்டீரியாக்கள், இழையைச் சுற்றிக் கழுத்துப்பட்டை போல நிற்கும் நுண்விரல்களில் மாட்டிக்கொள்ளும். செல் அவற்றை விழுங்கிவிடும். இங்கே இழைக்கு இரை பிடிப்பதே வேலை. உயிரி நகராதபோது நகரிழை என்று எப்படிச் சொல்வது?

செல்லின் மேல் மயிர் போல நிற்கும் குட்டை இழைகளான சிலியாவிலும் இதே சிக்கல்தான். ஒற்றைச் செல் உயிரியான பாரமீசியம் நீந்துவதும் சிலியாவால், வாய்ப்பள்ளத்துக்குள் பாக்டீரியாக்களைத் தள்ளி உணவுக்குமிழிக்கு அனுப்புவதும் சிலியாவால். காம்பில் நிற்கும் இன்னொரு ஒற்றைச் செல் உயிரியான வோர்டிசெல்லாவுக்கோ அது பெரும்பாலும் உணவு திரட்டத்தான். நம் மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளுவதும் சிலியாதானே. ஆகவே பயனை வைத்துப் பெயரிட்டால் பாதி இடங்களில் பொய்யாகிவிடும். அமைப்பையும் அசைவையும் வைத்துப் பெயரிடுவோம்.

அப்படிப் பார்த்தால் இன்னொரு பழைய குழப்பமும் தெரிகிறது. யூக்ளினா என்னும் ஒற்றைச் செல் உயிரியில் இருப்பதையும் ஈ.கோலை பாக்டீரியாவில் இருப்பதையும் நம் பாடநூல்கள் 'கசையிழை' என்றே சொல்கின்றன. ஆங்கிலத்திலும் ஒரே பெயர்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு கருவிகள். யூக்ளினாவுடையது செல்லின் நீட்சி. வெளியே செல்சவ்வு போர்த்தியிருக்கும். உள்ளே நடுவில் இரண்டு நுண்குழல்கள், சுற்றிலும் ஒன்பது இரட்டைக் குழல்கள். டைனீன் என்னும் புரதம், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் செலவழித்துக் குழல்களை ஒன்றன்மேல் ஒன்று நழுவச் செய்ய, முழு நீளமும் வளையும். சிலியாவின் உள்ளமைப்பும் இதேதான். பாக்டீரியாவுடையது ஃபிளாஜெல்லின் என்ற புரதத்தால் ஆன இழை. அது தானாக வளைவதில்லை. அடியில் உள்ள மோட்டார் அதைச் சுழற்றுகிறது, ஈ.கோலையில் ஹைட்ரஜன் அயனிகளின் ஓட்டத்தால், நொடிக்கு நூறு சுற்றுக்கு மேல். 1974-இல் இழையைக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பார்த்தபோது பாக்டீரியாவே சுழன்றது. சுழற்சிக்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா!

இலங்கைப் பாடநூல்களில் ஃபிளாஜெல்லத்துக்குச் 'சவுக்குமுளை', சிலியாவுக்குப் 'பிசிர்'. செல்லிலிருந்து முளைத்து, செல்சவ்வு போர்த்திய உறுப்புக்கு 'முளை' எவ்வளவு பொருத்தம்! அதனால் என் முன்மொழிவு: யூக்ளினா வகைக்குச் சவுக்குமுளை, சிலியாவுக்குப் பிசிர், பாக்டீரியாவுடையதற்குச் 'சுழலிழை'. தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் பழகிய கசையிழையைச் சவுக்குமுளைக்கும் குற்றிழையைப் பிசிருக்கும் இணைச்சொல்லாகத் தரலாம். பாக்டீரியா பக்கம் மட்டும் கசையிழையை விட்டுவிடலாம். சிலியேட்டுகளைப் 'பிசிருயிரிகள்' எனலாம். ஃபிளாஜெல்லேட்டுகளைச் 'சவுக்குமுளை உயிரிகள்' என்பது கொஞ்சம் நீளம்தான், யாராவது சுருக்கித் தந்தால் நல்லது.

'போலிக்கால்' அப்படியே இருக்கட்டும். அமீபா அதை நீட்டி நகர்கிறது, அதாலேயே இரையை வளைத்தும் பிடிக்கிறது. 'கால்' என்பதில் வரும் குறையைப் 'போலி' சரிசெய்துவிடுகிறது.

அப்புறம், தீராத ஒன்று. பாக்டீரியாவைப் போலத் தோன்றினாலும் தனிப் பிரிவான ஆர்க்கியா நுண்ணுயிரிகளின் இழையும் சுழல்கிறது, ஆனால் பாக்டீரியா இழையோடு அதற்கு உறவில்லை; ஏ.டி.பி.யால் இயங்குகிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஆர்க்கெல்லம் என்ற தனிப்பெயரை 2012-இல் முன்வைத்தார்கள். சுழலிழை என்றால் இதையும் சேர்த்துக் குறித்துவிடும். 'ஆர்க்கியச் சுழலிழை' என்று அடைமொழி சேர்த்தால் போதுமா, புதிதாகவே ஒன்று ஆக்கலாமா? நுண்ணுயிரியல் கற்பிப்பவர்கள் சொல்லுங்கள்.