ஃபேன் வாங்க ஸ்டார் பார்த்தால் போதுமா?

செந்தில்: மாடி அறைக்கு 1200 மி.மீ. சீலிங் ஃபேன் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் பி.எல்.டி.சி. (மின்சாரம் குறைவாக இழுக்கும் பிரஷ் இல்லாத மோட்டார்), இரண்டும் 5 ஸ்டார். சர்வீஸ் வேல்யூ ஒன்றுக்கு 7.5, இன்னொன்றுக்கு 7. முதலாவதையே எடுக்கலாம்தானே?

கவிதா: அவசரப்படாதீங்க செந்தில். நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று தள்ளுகிறது என்பதை வாட்டால் வகுத்தால் வருவதுதான் சர்வீஸ் வேல்யூ. வகுத்ததுமே காற்றளவு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 210 கன மீட்டர், 28 வாட் என்றால் 7.5. 245 கன மீட்டர், 35 வாட் என்றால் 7. மொட்டை வெயில் இறங்கும் மாடி அறைக்கு எது வேண்டும்?

செந்தில்: பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே எண்கள்தான்!

ரஃபீக்: கவிதா மேடம், காற்றளவை மட்டும் பார்த்து வாங்கியதால்தான் வீடு முழுக்க 75 வாட் ஃபேன் ஓடியது. 2023 ஜனவரியில் ஸ்டார் லேபிள் கட்டாயமானபிறகுதான் கடைக்காரர் பேச்சை நம்பாமல் வாங்க முடிகிறது. குறைந்தது 210 தள்ளினால்தான் இந்த அளவு ஃபேனுக்கு ஸ்டாரே உண்டு. கடையில் நின்று யார் வகுத்துப் பார்ப்பார்கள்?

கவிதா: 75 வாட் ஃபேனைக் கழற்றச் சொல்லும் வரை ஸ்டார் சரியான வழிகாட்டி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 28-க்கும் 35-க்கும் இடையே 7 வாட்தான். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 5 யூனிட். அப்புறம், அந்த சர்வீஸ் வேல்யூ முழு வேகத்தில் எடுத்தது. ராத்திரி யார் முழு வேகத்தில் வைக்கிறார்கள்? வேகத்தைக் குறைத்தால் காற்று அதே விகிதத்தில் குறையும்; ஃபேன் இழுக்கும் மின்சாரமோ அந்த விகிதத்தை மூன்று முறை பெருக்கிய அளவை (கனத்தை) ஒட்டிக் குறையும். 245 தள்ளும் ஃபேனைக் குறைத்து 210-க்குக் கொண்டுவந்தால், கணக்குப்படி 22 வாட் பக்கம் வரும். மோட்டார் இழப்பு சேர்ந்து கொஞ்சம் கூடினாலும் 28-க்குள் அடங்கவே வாய்ப்பு அதிகம்.

ரஃபீக்: அது உங்கள் கணக்கு, சோதனைக் கூடத்தில் அளந்தது இல்லை. எல்லா ஃபேனையும் ஒரே நிலையில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். முழு வேகத்தைத் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான். ஆளுக்கு ஒரு வேகம் என்று போனால் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கு வசதியான வேகத்தைத்தான் சொல்லும்.

கவிதா: அப்படியானால் பாதி வேகத்திலும் ஒரே மாதிரி அளந்து, இரண்டாவது எண்ணாக லேபிளில் போடட்டும். இரவெல்லாம் ஓடும் சாதனத்துக்கு அதுகூட வேண்டாமா?

ரஃபீக்: இரண்டாவது எண் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஸ்டாரைத் தூக்கிவிடாமல் இருந்தால் சரி.

செந்தில்: 245-ஐயே எடுக்கிறேன். இரவில் 3-ஆம் நம்பரில் வைத்து, வாட் மீட்டரில் என்ன காட்டுகிறது என்று இங்கேயே போடுகிறேன்.