டயர் பக்கச்சுவரில் புடைப்பு: ஒன்று மாற்றினால் போதுமா? ஆல்-சீசனுக்குப் போகலாமா?

நாலுநட்டு கேட்டது:
பள்ளத்தில் விழுந்து ஏறியதில் முன் இடது டயரின் பக்கச்சுவர் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துவிட்டது. ஆனால் காற்று இறங்கவில்லை, 33 பிஎஸ்ஐ அப்படியே நிற்கிறது. டயர் அளவு 205/55 ஆர்16 91வி. முன்சக்கர இழுவை வண்டி. நான்கையும் 2021 கடைசியில் சேர்த்துப் போட்டது. முன்னால் 4 மி.மீ., பின்னால் 5.5 மி.மீ. பட்டன் (சாலையைத் தொடும் பகுதியின் பள்ள ஆழம்) மிச்சம். பின் வலது டயரின் நடுவில் ஆணி ஒன்று ஏறியிருக்கிறது, அதில் மட்டும் மெதுவாகக் காற்று குறைகிறது. புடைப்போடு கொஞ்ச நாள் ஓட்டலாமா? ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா? குளிர்காலத்தில் சில நாள் பனி (ஸ்னோ) விழும், அதற்கு எல்லாப் பருவத்துக்குமான ஆல்-சீசன் டயர் சரிவருமா?

அச்சாணி:
காற்று நிற்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். காற்றைப் பிடித்துவைப்பது உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் படலம். அழுத்தத்தைத் தாங்குவதோ அதை ஒட்டிய நூலடுக்கு. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்கியதில் அந்த நூல் அறுந்துவிட்டது, இப்போது வெறும் ரப்பர்தான் தாங்குகிறது. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் மடங்கி விரிந்து சூடாகும், பக்கத்து நூல்களும் ஒவ்வொன்றாக விடும். முழுப் பாரம், வெயில், வேகம் மூன்றும் சேரும்போது வெடிக்கும். ஒட்டுப் போடுவது, உள்ளே ட்யூப் வைப்பது எதுவும் இதற்கு உதவாது. இன்றே கழற்றிவிடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: வெளியே தள்ளியிருந்தால்தான் ஆபத்து. பக்கச்சுவரில் மேலிருந்து கீழாக லேசாக உள்வாங்கிய கோடு தெரிந்தால் அது நூலடுக்கின் இரு முனைகள் சேரும் இடம், பயப்பட வேண்டாம். அதைப் பார்த்தே நல்ல டயரைத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு.

ஸ்டெப்னி ஒல்லி வகையாக இருந்தால் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள். அதற்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ வேண்டும், பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி போடுங்கள். நட்டைக் கழற்றியும் சக்கரம் துருவால் ஹப்பில் (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி) ஒட்டி நின்றால் சுத்தியலைத் தேடாதீர்கள். நட்டுகளை இரண்டு மூன்று மரை ஏற்றிவிட்டு, டயரின் பக்கச்சுவரில் குதிகாலால் இடமும் வலமும் மாற்றி உதையுங்கள். விடுபட்டாலும் நட்டு பிடித்துக்கொள்ளும், மேலே விழாது.

உள்ஒட்டு:
ஆணி விஷயம் வேறு. அதைப் பிடுங்காமல் கடைவரை ஓட்டிச் செல்லுங்கள். துளை 6 மி.மீ.க்குள், பட்டன் நடுப்பகுதியில் இருந்தால் ஒட்டலாம். ஓரத் தோளிலோ பக்கச்சுவரிலோ இருந்தால் முடியாது.

வெளியிலிருந்து கயிறு திணித்து அனுப்பினால் ஏற்காதீர்கள். அது அவசரத்துக்கு மட்டுந்தான். உள்படலம் அடைபடாது, துளை வழியே நீர் இறங்கி ஸ்டீல் கம்பி அடுக்கு துருப்பிடிக்கும். டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் ஒட்டு (காளான் வடிவம்: தண்டு துளையை அடைக்கும், தலை உள்படலத்தில் ஒட்டும்) போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது இரண்டு இடத்தில்: சுரண்டும்போது உள்படலத்தைத் தாண்டி நூல் தெரியும்வரை தேய்த்துவிடுவார்கள், அல்லது பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிடுவார்கள். பசை காய்ந்து, விரல் முட்டியால் தொட்டால் லேசாக ஒட்டும் பக்குவம் வரவேண்டும். பிறகு உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்த வேண்டும், இல்லையென்றால் அடியில் காற்றுக் குமிழி தங்கும்.

கழற்றியதும் உள்ளே கையை விட்டுத் தடவச் சொல்லுங்கள். கறுப்புத் தூளோ பக்கச்சுவரைச் சுற்றி உரசிய வளையமோ இருந்தால் காற்றில்லாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அந்த டயர் போச்சு, ஒட்டும் வீண்.

ஈரச்சாலை:
இப்போதுள்ள வகையிலேயே தொடர்வதென்றால் இரண்டு வாங்குங்கள். ஒரே அச்சில் ஒன்று 8 மி.மீ., மற்றது 4 மி.மீ. என்று இருந்தால் ஈரச்சாலையில் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கப் பார்க்கும். புது ஜோடியைப் பின்னால் போட்டு, பின்னாலிருந்த 5.5 மி.மீ. ஜோடியை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல்-வீல் டிரைவ் வண்டிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே நான்கின் சுற்றளவும் நெருங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் சென்டர் டிஃபரன்ஷியல் சூடேறிக் கெடும்.

நாலுநட்டு:
இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம்தானே? புதியது முன்னால்தானே போக வேண்டும்?

ஈரச்சாலை:
பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தண்ணீரில் முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங் லேசாவது கையிலேயே தெரியும், ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டால் பிடிப்பு திரும்பும். வளைவில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்று நிற்கும், சுதாரிக்க நேரமிருக்காது. அதனால்தான் பின்னால்.

வாரக்குறி:
ஆல்-சீசன் என்றால் மட்டும் நான்கையும் மாற்றுங்கள். ஓர் அச்சில் கோடை டயர் (இப்போதுள்ள சாதாரண வகை), மற்றதில் ஆல்-சீசன் என்று கலந்தால் குளிரில் முன்னும் பின்னும் பிடிப்பு வேறுபடும்.

அது வேண்டுமா என்பதைப் பனியைவிடக் குளிரே முடிவு செய்கிறது. 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கிறது, ஆல்-சீசன் இளகியே இருக்கும். கடும் வெயிலில் அதே இளக்கம் பாதகம்: உலர்சாலையில் பிரேக் தூரம் கூடும், தேய்மானமும் அதிகம். வாரக்கணக்கில் பனி கிடக்கும் இடமென்றால் தனியாகக் குளிர்கால டயர் வாங்குங்கள். பனியே விழாத இடமென்றால் சாதாரண டயர் போதும். நீங்கள் சொல்லும் "சில நாள்" நிலைமைக்கு ஆல்-சீசன் பொருந்தும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் படம் இருக்கிறதா என்று பாருங்கள். அது பனியில் சோதித்து வாங்கிய முத்திரை. "எம்+எஸ்" (சேறு, பனி) என்று மட்டும் இருந்தால் தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்ளும் குறிதான். பட்டன் 4 மி.மீ.க்குக் கீழே போனால் பனியில் எந்த முத்திரையும் காப்பாற்றாது.

உங்கள் டயர் அளவின் கடைசியில் உள்ள 91 என்றால் ஒரு டயர் தாங்கும் பாரம் 615 கிலோ, வி என்றால் 240 கி.மீ. வேகம் வரை. 94 கிடைத்தால் போடலாம், 91-க்குக் கீழே இறங்காதீர்கள். பக்கச்சுவரில் உள்ள டிஓடி குறியின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 1425 என்றால் 2025-இன் 14-ஆவது வாரம். எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டும் ட்ரெட்வேர் எண்ணை ஒரே கம்பெனி டயர்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

அச்சாணி:
பொருத்தும் நாளில் இன்னும் ஒன்று. அடிபட்ட ரிம்மைப் பேலன்சிங் மிஷினில் சுற்றவிட்டு விளிம்பு ஆடுகிறதா என்று பாருங்கள், அலைன்மென்டும் பார்த்துவிடுங்கள். பள்ளத்தில் டோ கோணம் (சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவு) மாறியிருந்தால் புது டயர் ஓரத்தில் ரம்பம்போலத் தேயும். நட்டை நட்சத்திர வரிசையில் இறுக்கி, கடைசியில் இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முடிக்கச் சொல்லுங்கள். காற்றுத் துப்பாக்கியால் மட்டும் முடித்தால் அடுத்த முறை உங்கள் ஸ்பேனருக்கு அசையாது. 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள்.