புதுப்பிப்பு: 22ஆம் போர்ட்டை மூடிவிட்டுக் கிளவுட் சர்வர் அணுகலைக் கண்காணிப்பது

ஒப்பந்தப் பணியாளர்கள் எங்கள் ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) சர்வர்களுக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைந்து கட்டளையிடும் முறை, வழக்கமாக 22ஆம் போர்ட்டில் இயங்குவது) வழியாக நுழைவதைக் கட்டுப்படுத்தி, அவர்கள் இடும் கட்டளைகளையும் பதிவு செய்ய வழி கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பாஸ்டியன் சர்வரை (மற்ற சர்வர்களுக்குள் நுழைய இடைவாசலாக வைக்கும் சர்வர்) விட்டுவிட்டு, ஏடபிள்யூஎஸ்ஸின் தொலை அணுகல் சேவையான செஷன் மேனேஜருக்கு மாறும் யோசனையே பலித்தது. சர்வரிலுள்ள ஏஜென்ட் (செஷன் மேனேஜருக்கான மென்பொருள்) தானே 443ஆம் போர்ட் வழியாக வெளியே தொடர்பு கொள்வதால், உள்வரும் 22ஆம் போர்ட்டை முற்றிலும் மூடிவிட்டு, யார் எந்தச் சர்வரைத் திறக்கலாம் என்பதை ஐஏஎம் (ஏடபிள்யூஎஸ்ஸின் அனுமதி மேலாண்மைச் சேவை) கொள்கையில், சர்வர்களுக்கு இட்ட டேக் (அடையாளக் குறிச்சொல்) அடிப்படையில் வரையறுத்தோம். நுழைந்தவர் விவரம் கிளவுட்டிரெயிலிலும் (கணக்கில் யார் என்ன செய்தார் என்பதைப் பதியும் சேவை), கட்டளைகளும் வெளியீடும் எஸ்3 பக்கெட்டிலும் (கோப்புச் சேமிப்பிடம்) பதிவாகின்றன. எஸ்3 பதிவு செஷன் முடிந்த பிறகே வந்து சேரும் என்பதால், உடனுக்குடன் பார்க்க வேண்டியவர்களுக்குக் கிளவுட்வாட்ச் (ஏடபிள்யூஎஸ்ஸின் கண்காணிப்பு, பதிவுச் சேவை) பொருத்தம்.

இணைய வழியற்ற சப்நெட்டில் (உள்வலையமைப்பின் ஒரு பகுதி) இருந்த சர்வர்கள், விபிசி எண்ட்பாயிண்டுகளை (இணையம் இன்றியே ஏடபிள்யூஎஸ் சேவைகளை அடையும் தனிவழிகள்) அமைக்கும் வரை செஷன் மேனேஜர் பட்டியலிலேயே தோன்றவில்லை.

எதிர்பாராதது ஒன்று உண்டு. செஷன் மேனேஜர் வழியாகவே எஸ்எஸ்எச் அல்லது போர்ட் ஃபார்வர்டிங் (தன் கணினியின் ஒரு போர்ட்டைச் சர்வரின் போர்ட்டோடு இணைப்பது) செய்தால், அது வெறும் சுரங்கப்பாதையாகவே செயல்படுவதால், தொடர்பு தொடங்கியது மட்டுமே பதிவாகும், உள்ளே இட்ட கட்டளைகள் பதிவாகா. எங்கள் நோக்கத்துக்கு இது பெரிய ஓட்டை. ஆகவே அவ்விரண்டுக்குமான செஷன் ஆவணங்களை (எவ்வகைச் செஷன் என வரையறுக்கும் அமைப்புகள்) ஒப்பந்தப் பணியாளர்களுக்கு ஐஏஎம்மில் வெளிப்படையாக மறுத்திருக்கிறோம்.