மெட்டல் டிடெக்டர் (மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டும் கருவி) பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் இருக்கிறேன். இங்கே ஹாக்ஸன் ஊர் வயலில் 1992-இல், தொலைந்த சுத்தியலை டிடெக்டரோடு தேடப் போனவருக்கு ரோமானியப் புதையல் கிடைத்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 569 தங்கக் காசு, 14,000-க்கு மேல் வெள்ளிக் காசு, மிளகுத்தூள் சிமிழ்கூட உண்டு (அந்த மிளகு நம் மேற்குக் கரையிலிருந்து போனதுதான்!). சுத்தியலும் கிடைத்தது. இப்போது அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில்.

அந்த ஆசையில் நானும் பழைய டிடெக்டர் ஒன்று வாங்கிவிட்டேன். தெரிந்த விவசாயி, அறுவடை முடிந்த வயலில் தேடிக்கொள்ளச் சொன்னார். மூன்று ஞாயிறு போயாச்சு. கிடைத்தது பதினேழு பீர் டின் வளையம், பாதி லாடம் ஒன்று.

என் சிக்கல் இதுதான். டிடெக்டரில் டின் வளையத்தின் சத்தம் வராதபடி வடிகட்டினால் தங்கத்தின் சத்தமும் சேர்ந்து போய்விடுகிறதாம். சாலிடஸ் (ரோமானியத் தங்கக் காசு) நாலரை கிராம்தானே! வடிகட்டாமல் எல்லாவற்றையும் தோண்டுகிறீர்களா, இல்லை வேறு வழி இருக்கிறதா?

அப்புறம், புதையல் என்றால் 14 நாளுக்குள் கரோனருக்கு (இங்கே புதையலையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும், சரி. புதையலுக்குக் கிடைக்கும் பரிசுத்தொகையை நிலத்துக்காரரோடு பாதிப் பாதி என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டவர்கள் அந்த ஒப்பந்த மாதிரியைப் பகிர முடியுமா? வாய்ப்பேச்சே போதும் என்கிறார் நம் விவசாயி. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.