மறு: பிசினஸ் கன்டினியூட்டிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

இந்த மின்னஞ்சல் இழை நீண்டுவிட்டது. பிசினஸ் கன்டினியூட்டி என்றால், ஏதாவது தடங்கல் வந்தாலும் ஒரு நிறுவனம் தன் முக்கிய வேலைகளைத் தொடர்ந்து நடத்துவதற்கான ஏற்பாடு. எனக்கு இதற்கு ஒரு தமிழ்ச்சொல் ஏன் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பினாங்கு மாநிலத்தில் பட்டர்வொர்த் பக்கம் ஓர் அறநிறுவனம் நடத்தும் டயாலிசிஸ் (சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும்) மையத்தில் ஊழியர் பயிற்சிக்குத் தமிழில் கையேடு தயாரிக்கிறேன். தாதியர் மட்டுமில்லை, வேன் ஓட்டும் அண்ணன், கணக்கு பார்க்கும் அக்கா, வரவேற்பில் இருக்கும் பெண், துப்புரவு வேலை செய்பவர் எல்லாரும் உட்காரப் போகிறார்கள். அதனால் அகராதியில் அழகாக இருக்கும் சொல் எனக்குப் போதாது, அவர்கள் வாயில் நிற்க வேண்டும்.

> இணையத்தில் 'வணிகத் தொடர்ச்சி' பரவலாக இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

அறநிறுவனத்தில் என்ன வணிகம்? மலேசிய அரசு அலுவலகங்களே மலாயில் 'பிசினஸ்' என்பதை விட்டுவிட்டு 'கெசினம்புங்ஙான் பெர்கிட்மாத்தான்' என்றுதான் சொல்கின்றன, அதாவது சேவைத் தொடர்ச்சி. அமெரிக்க அரசுத் துறைகளிலும் பேச்சு செயல்பாடுகளின் தொடர்ச்சி பற்றித்தான். இடையில் ஒரு வேடிக்கை: அந்த மலாய்த் தொடர் நிர்வாகத்துக்கோ திட்டத்துக்கோ சேர்ந்து வரும்போது சுருக்கம் பி.கே.பி. 2020 மார்ச் 18-க்குப் பிறகு நம் ஊரில் யாரிடம் அந்த மூன்றெழுத்தைச் சொன்னாலும் கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைதான் ஞாபகத்துக்கு வரும், அதற்கும் மலாயில் அதே சுருக்கம். ஆகவே சுருக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று ஈப்போ தம்பி சொன்னது வேலைக்கு ஆகாது.

'பேரிடர் மேலாண்மை'யோடு ஒட்டிவிடலாம் என்று சென்னையிலிருந்தும், 'அனர்த்த முகாமைத்துவம்' என்று யாழ்ப்பாணத்து அக்காவும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் வேறு வேலைக்கான சொற்கள். அபாய மணி அடிக்கிறது, எல்லாரும் மாடிப்படி இறங்கி கார் நிறுத்துமிடத்தில் கூடுகிறார்கள், பொம்பா (தீயணைப்புப் படை) வருகிறது, தலையெண்ணிப் பார்த்தாயிற்று, யாருக்கும் ஒன்றுமில்லை. அவசரகால நடவடிக்கை அத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும். எங்கள் கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது. சாயங்கால ஷிப்ட்டுக்கு வர வேண்டிய நோயாளிகளை யார் கூப்பிடுவது, அவர்களை எந்த மையத்துக்கு அனுப்புவது, அந்த மையத்தோடு பேசி முடிவெடுக்க மேலாளர் இல்லாத நேரத்தில் யாருக்கு அதிகாரம், நோயாளியின் மருந்து விவரம் எரிந்த கட்டடத்துக்குள் இருக்கும் கணினியில் மட்டும்தான் இருக்கிறதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பேரிடரே இல்லாமலும் இந்த நிலை வரும். ஒரு நோயாளிக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். ஒரு முறைக்குச் சுத்திகரித்த நீர் மட்டும் ஏறக்குறைய 120 லிட்டர் போகும், சுத்திகரிக்கும்போது வீணாவது தனி. 2024 ஜனவரியில் சுங்கை டூவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலைக்காகப் பினாங்கில் சில நாள் தண்ணீர் நிறுத்தம் இருந்தது ஞாபகமிருக்கும். தேதி முன்கூட்டியே சொல்லப்பட்டது, மழை இல்லை, வெள்ளம் இல்லை, கட்டடமும் கருவிகளும் ஆட்களும் நலம். இதற்கு யாரும் பேரிடர் என்று பெயர் வைக்க மாட்டார்கள். ஆனால் தண்ணீர் இல்லாவிட்டால் எங்கள் கருவி வெறும் பெட்டி. எனவே 'அவசரகால', 'பேரிடர்' இரண்டையுமே பெயரில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. 'வருமுன் காப்பு'க்கும் இதே பதில்: வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் இங்கே கணக்கே தொடங்குகிறது.

> இடையறாப் பணி, தடையில்லாப் பணி, நில்லாப் பணி. மூன்றில் எதுவும் சரி.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. தடை வந்தபின் என்ன செய்வது என்பதுதான் விஷயம், 'தடையில்லா' என்றால் எப்படி? இடைவெளியும் வரத்தான் செய்யும். அமெரிக்க அரசுத் துறைகளுக்கான விதி, திட்டம் முடுக்கிவிடப்பட்ட 12 மணி நேரத்துக்குள் முக்கியப் பணிகள் நடக்கத் தொடங்க வேண்டும், 30 நாள் வரையோ வழக்க நிலை திரும்பும் வரையோ ஓட வேண்டும் என்கிறது. இந்தத் துறைக்கான அனைத்துலகத் தரநிலையான ஐஎஸ்ஓ 22301-இன் 2019 பதிப்பும் ஏற்கத்தக்க காலத்துக்குள், முன்பே முடிவு செய்த அளவில் என்றுதான் பேசுகிறது. தாமதமும் குறைப்பும் உள்ளேயே இருக்கின்றன. எங்களுக்கும் அப்படித்தான், காலை ஷிப்ட்டைச் சாயங்காலத்துக்குத் தள்ளலாம், மருத்துவர் ஒப்புக்கொண்டால் நேரத்தைக்கூடக் கொஞ்சம் குறைக்கலாம், நாள்கணக்கில் தள்ள முடியாது. 'நில்லா'வில் வேறு சிக்கல், 'நில்லாதவற்றை நிலையின என்றுணரும்' என்று வள்ளுவர் நிலையாமைக்கு எடுத்துக்கொண்ட சொல் அது. நிலைக்காத பணி என்று யாராவது படித்தால் என்ன செய்வது!

கோலாலம்பூர் ஐயா சொன்ன 'முட்டாப் பணி'யை நான் மிகவும் ரசித்தேன். கோயில் விளக்குக்கு எழுதிய சோழர் காலக் கல்வெட்டுகளில் 'முட்டாமல்', அதாவது தடைபடாமல், எரிக்க வேண்டும் என்று வரும், ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு கொடுத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கச் சொல்லி, அந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்பார்கள். ஆடு சாகும், மூப்படையும், ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது, பொறுப்பேற்றவர் ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் இல்லாவிட்டால் அடுத்து யார் என்ற ஏற்பாட்டை இதைவிட அழகாக நான் எங்கும் படித்ததில்லை. ஆனால் ஐயா, பயிற்சி அறையில் 'முட்டாப் பணி' என்று எழுதினால் பின்வரிசையிலிருந்து ஒருவர் 'ள்' சேர்த்துப் படிப்பார், அன்றைய வகுப்பு அத்தோடு முடிந்தது.

என் பரிந்துரை 'பணித்தொடர்ச்சி'. வார இதழில் அத்தியாயம் முடிவில் 'தொடரும்' என்று போட்டால் ஒரு வாரம் நின்றுவிட்டு மறுபடி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். தொடர்ச்சி என்ற சொல் இடைவெளியைத் தாங்கும்.

எந்தப் பணியைத் தொடர்வது என்பதற்குத் தனிச்சொல் வேண்டும். 'அத்தியாவசியப் பணி' வேண்டாம், கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் அது அரசு போட்ட பட்டியலுக்குப் பெயராகிவிட்டது, மருத்துவமனை, தண்ணீர், மின்சாரம் என்று. இங்கே பட்டியலை ஒவ்வொரு நிறுவனமும் தனக்குள்ளேயே போட வேண்டும். நான் 'கைவிடாப் பணி' என்று எழுதிப் பார்த்தேன். மற்றதைக் கைவிடலாம் என்ற அனுமதியும் அதில் ஒளிந்திருக்கிறது, பயிற்சியில் மக்களுக்குக் கடினமாக இருப்பதும் அதுதான். எல்லா வேலையும் முக்கியம் என்று சொல்வார்கள். மாதாந்திர அறிக்கை நிற்கலாம், நன்கொடை ரசீது ஒரு வாரம் கழித்துப் போகலாம், நோயாளியை ஏற்றிவரும் வேன் நிற்க முடியாது. இதை ஓட்டுநர் அண்ணன் இருக்கும்போது சொன்னால் அறையின் நிலவரமே மாறிவிடும், அவருடைய வேலை கைவிடாப் பணி என்று ஒருவர் அவரிடம் சொல்வது அதுதான் முதல் முறையாக இருக்கும்.

மற்றவை வேகமாக: அடுத்தடுத்துப் பொறுப்பேற்பவர்களின் ஒழுங்கு 'பொறுப்பு வரிசை'. ஒருவர் வேலையை இன்னொருவர் கற்றுவைப்பது 'மாற்றாள் பயிற்சி'. தண்ணீர் லாரிக்காரர் எண் ஒருவர் கைப்பேசியில் மட்டும் இருக்கும் நிலை இதனால்தான் தீரும். ஆங்கிலத்தில் மூன்றாகப் பிரிப்பதைத் தமிழிலும் பிரிக்க வேண்டும்: ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பது சோதனை, ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பது பயிற்சி, திட்டம் தேறுகிறதா என்று நடத்திப் பார்ப்பது ஒத்திகை. எல்லாவற்றையும் 'பயிற்சி' என்று எழுதும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, வருகைத் தாளில் கையெழுத்து வாங்கியதும் ஒத்திகையும் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

— பினாங்கிலிருந்து

-----

தம்பி,

'முட்டா'வை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், பின்வரிசைக்காரர்களை எனக்கும் தெரியும்.

'கைவிடாப் பணி' நன்று. கொஞ்சம் பக்திவாடை அடிக்கிறது, பரவாயில்லை. ஆனால் 'பணித்தொடர்ச்சி'யில் இடிக்கிறது. வேலைநீக்க வழக்குகளில் 'பணித்தொடர்ச்சியுடன் மீண்டும் வேலை', அதாவது பணிக்காலம் இடையில் முறியாததாகக் கொண்டு, என்று எழுதுவார்கள், ஓய்வூதியம், பணிக்கொடை கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். மனிதவளப் பிரிவுக்காரர் உங்கள் தலைப்பைப் பார்த்தால் சம்பள விஷயம் என்று நினைத்து ஆவலோடு வந்து உட்காருவார். 'பணி'க்குப் பதில் 'செயல்' போட்டுப் பாருங்கள்.

— கோலாலம்பூர்

-----

ஐயா, சரியான இடத்தில் பிடித்தீர்கள், எங்கள் கணக்கு அக்காவும் சம்பளம் என்றுதான் நினைப்பார்.

அப்படியானால் 'செயல் தொடர்ச்சி', இடைவெளி விட்டே. இலக்கணப்படி புணர்த்தி 'செயற்றொடர்ச்சி' என்று தயவுசெய்து யாரும் திருத்தி அனுப்ப வேண்டாம், வகுப்பில் அதை நான் உச்சரித்துக் காட்ட முடியாது. உள்ளே 'கைவிடாப் பணி', 'பொறுப்பு வரிசை', 'மாற்றாள் பயிற்சி', 'ஒத்திகை' இருக்கும், மறுப்பு எதுவும் வராததால் அப்படியே அச்சுக்குக் கொடுக்கிறேன். நோயாளிகளை அனுப்பும் வேறு மையத்தை 'மாற்றிடம்' என்பதா 'மாற்று மையம்' என்பதா என்று மட்டும் முடிவாகவில்லை. முதலாவது ஊழியர் காதில் பணியிட மாற்றமாக விழுமோ என்று சந்தேகம். கருத்து இருப்பவர்கள் வெள்ளிக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை அச்சகம் பாதி நாள்தான்.