22 மாதம், பேச்சு நின்றுவிட்டது: டாக்டர் சீட்டு இல்லாமல் அரசு டி.இ.ஐ.சி. மையத்துக்குப் போகலாமா?

எங்கள் பையனுக்கு 22 மாதம். ஊர் தேனிப் பக்கம். நடை, ஓட்டம் எல்லாம் சரி. 16 மாதத்தில் 'தாத்தா', 'பா' என்று சொன்னவன், 18 மாதத்துக்குப் பிறகு அதையும் விட்டுவிட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் அடுப்படியில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தம் கேட்டால் ஓடி வருவான். வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட மாட்டான். என் கையை இழுத்துப் போய் அதன் மேல் வைப்பான்.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், "ஆம்பளைப் பிள்ளை, மூணு வயசு வரைக்கும் பாருங்க" என்கிறார். மாமியாரும் அதையேதான் சொல்கிறார், அவராவது ஃபீஸ் வாங்கவில்லை. போன மாதம் காது கேட்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ. சோதனை எடுத்தோம், இரண்டு காதும் பாஸ். செல்போனை நிறுத்தி ஆறு வாரம், மாற்றம் இல்லை.

16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் 20 கேள்விகளை நானும் கணவரும் தனித்தனியாக நிரப்பினோம். நான் நிரப்பியதில் 9 மதிப்பெண், அவர் நிரப்பியதில் 8. 8 வந்தாலே உடனே நிபுணரிடம் காட்ட வேண்டும் என்கிறது அது.

அங்கன்வாடி அக்கா, அரசு மருத்துவமனையில் உள்ள, வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளைப் பார்க்கும் டி.இ.ஐ.சி. மையத்துக்குப் போகச் சொன்னார். டாக்டரோ சீட்டு எழுதித் தர மறுக்கிறார்.

சீட்டு இல்லாமல் நேரே போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா, பார்த்தார்களா?